அம்பியூலன்ஸ் நிற்காவிட்டால் ஓட்டம் இல்லை: நாலந்தா வீதியில் சில கேள்விகள்

ஏ9 வீதியில் மாத்தளையிலிருந்து வடக்கே சுமார் 25 கி.மீ. தொலைவில் இருக்கிறது நாலந்தா. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு இரவு பஸ்ஸில் போகிறவர்கள் பெரும்பாலும் தூக்கத்திலேயே கடந்துவிடும் ஊர். கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை காலை, பெரியம்மாவின் முதலாம் வருடத் திதிக்காகக் கிளிநொச்சியிலிருந்து மாத்தளைக்குப் போகும் வழியில் இங்கே இறங்கித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். மாத்தளைப் பக்கமிருந்து மூன்று லொறிகள் வந்தன. ஒவ்வொன்றின் மேலும் பட்டி போட்டு இறுக்கிய ஒரு கார். ஒன்று பழைய லான்சர், மற்ற இரண்டும் நிசான் மார்ச். கதவுகளில் பெரிய எண்கள். பின்னால் வந்த வானில் இளைஞர்கள் சிலரும் டயர்களும். சீகிரியாவுக்கோ அநுராதபுரத்துக்கோ 'ரேஸ்' போகிறார்கள் என்று கடைக்காரர் சிங்களத்தில் சொன்னார். கடையில் இருந்த எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அன்று பின்னேரம் தோட்டத்தில் பெரியம்மாவின் இளைய மகனிடம் இதைச் சொன்னேன். அவன் ஓட்டோ ஓட்டுகிறான். தோட்டத்துக்கும் தார் வீதிக்கும் இடையிலுள்ள ஐந்து கி.மீ. கல் வீதிதான் அவனது தொழிற்களம். மோட்டார் ஓட்டப்போட்டி என்றால் அவனுக்கு உயிர். தியத்தலாவ, நுவரெலியா போட்டிகளுக்கு நண்பர்களோடு போயிருக்கிறான். இமயமலையில் நடக்கும் ராலிகளின் காணொளிகள் அவன் கைபேசியில் நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக் காட்டிக்கொண்டே சொன்னான்: "அக்கா, அங்க டாக்டர் வண்டி வந்து நிக்காட்டி ஓட்டத்தையே ஆரம்பிக்க மாட்டாங்களாம்."

அதற்குமேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. ஒரு வருடத்துக்கு முன் ஒரு மழை இரவில் பெரியம்மாவுக்கு நெஞ்சு வலித்தது. அம்பியூலன்ஸ் உடனே புறப்பட்டு வந்தது. ஆனால் தார் முடியும் இடத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஏறினால் இறங்க முடியாது என்ற சாரதியின் பேச்சில் பிழையும் இல்லை. மகனின் ஓட்டோ பாதி வழியில் சேற்றில் புதைந்தது. மிச்சத் தூரம் நாற்காலியில் வைத்துத் தூக்கிவந்தார்கள். ஐந்து கி.மீ. இறங்க ஒன்றே முக்கால் மணித்தியாலம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் உயிரோடு இல்லை.

இந்தக் கட்டுரை மோட்டார் ஓட்டப்போட்டியைப் பற்றியது. ஆனால் அந்த ஐந்து கி.மீ. வீதியை விட்டுவிட்டு அதை என்னால் எழுத முடியாது.

ராலி என்பது என்ன?

ராலி என்ற சொல்லைக் கேட்டால் நமக்கு முதலில் ஊர்வலம்தான் நினைவுக்கு வரும். மோட்டார் விளையாட்டில் அதன் பொருள் வேறு. வட்டப் பாதையில் சுற்றிச் சுற்றி ஓடுவது அல்ல இது. ஓரிடத்தில் தொடங்கி நூற்றுக்கணக்கான கி.மீ. தாண்டி இன்னோரிடத்தில் முடியும். கிறவல், மணல், பனி, கல், ஆற்றுப்படுகை எல்லாவற்றிலும் வண்டி போகும். நேரம் கணக்கிடப்படும் பகுதிகளில் வீதி பொதுமக்களுக்கு மூடப்படும். அங்கே கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளி விட்டு அனுப்பப்படும். அந்தப் பகுதிகளுக்கு இடையிலான வீதிகளில் போட்டியாளரும் மற்றவர்களைப் போலவே போக்குவரத்து விதிகளுக்குக் கட்டுப்பட்டு ஓட வேண்டும். பெரும்பாலான ராலிகளில் சாரதிக்குப் பக்கத்தில் ஒருவர் அமர்ந்து, முன்கூட்டியே எழுதிவைத்த குறிப்புகளிலிருந்து வரப்போகும் வளைவையும் பள்ளத்தையும் வாசித்துக்கொண்டே வருவார்.

நமக்கு மிக அருகில் இந்த வகையில் பெயர்பெற்றது இந்தியாவின் 'ரெயிட் டி ஹிமாலயா'. 1999இல் தொடங்கியது. சிம்லா, மணாலி, ஸ்பிதி, லடாக் என்று இமயத்தின் குறுக்கே போனது. குன்சும் கணவாய் 4,500 மீற்றருக்கு மேல்; பாராலாச்சா 4,800 மீற்றருக்கு மேல். நம் நாட்டின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலை 2,524 மீற்றர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த உயரம் புரியும். அங்கே ஒட்சிசன் குறைவு என்பதால் மனிதனுக்கு மூச்சு வாங்கும், எஞ்சினும் திணறும். ஒரு பனிப்பொழிவில் வீதி காணாமற்போகும்.

இந்த வீதிகள் விளையாட்டுக்காகப் போடப்பட்டவை அல்ல. 1960இல் உருவாக்கப்பட்ட எல்லை வீதிகள் அமைப்புத்தான் இமய எல்லையின் கடினமான வீதிகளை அமைத்துப் பராமரிக்கிறது. 1962 சீனப் போருக்குப் பின் அந்த வேலை வேகம் பிடித்தது. படையும் தளபாடமும் ஏற வேண்டும் என்பதே நோக்கம். கல்லுடைத்துத் தார் ஊற்றியவர்களில் பெரும்பகுதியினர் பீகார், ஜார்க்கண்ட் போன்ற தூர மாநிலங்களிலிருந்து பருவத்துக்கு வரும் கூலித் தொழிலாளர்கள். படை திட்டமிட்டு, ஏழைத் தொழிலாளி போட்ட வீதியில்தான் இன்று சுற்றுலாப் பயணியும் ஓட்டப்போட்டிக்காரரும் போகிறார்கள்.

வேகம்தான் ராலியின் கவர்ச்சி என்று நினைப்போம். ஆனால் அதை நடத்துவோருக்கு முதல் வேலை விபத்துக்குத் தயாராவது. சர்வதேச நடைமுறையின்படி, மூடப்பட்ட பகுதியின் தொடக்கத்தில் மருத்துவ வாகனம் நிற்க வேண்டும். அது ஒரு காயக்காரரை ஏற்றிக்கொண்டு போய்விட்டால், பதில் வாகனம் வரும்வரை அடுத்த கார் அனுப்பப்படாது. போட்டிக் கார்களுக்கு முன்னால் ஒரு வண்டி வீதி முழுவதும் ஓடிப் பார்த்து, ஆட்கள் ஆபத்தான இடத்தில் நிற்கிறார்களா என்று சொல்லும். நின்றால் அந்தப் பகுதியை இரத்துச் செய்யலாம். தம்பி சொன்னது சரி. மலைவீதி ஆபத்தானது என்பதை ஏற்றுக்கொண்டு, அதற்கேற்ப விதி எழுதியிருக்கிறார்கள்.

படைப்பிரிவுகளின் பெயரில் போட்டிகள்

இலங்கையில் மக்களைப் பெருமளவில் ஈர்ப்பது இமயத்து ராலி போன்ற நெடுந்தூர ஓட்டம் அல்ல. மண் தடத்தில் சுற்றி ஓடும் சுப்பர் குரொஸ், ராலி குரொஸ் போட்டிகளும், தேயிலை மலைகளில் மேல்நோக்கி ஓடும் ஏற்றப் போட்டிகளும்தான். நுவரெலியாவின் மகாகஸ்தொட்ட ஏற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. தோட்டத் துரைமாரின் பொழுதுபோக்காக ஆரம்பித்த விளையாட்டு. தேயிலைச் செடிகளுக்கு நடுவே போகும் வீதியில் கார் பாய, தொழிலாளர் குடும்பங்கள் கரையில் நின்று பார்த்தன. ரதெல்லையிலும் இதே காட்சிதான்.

மண் தடப் போட்டிகளின் பெயர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். கஜபா சுப்பர் குரொஸ், கன்னர் சுப்பர் குரொஸ், கவலரி சுப்பர் குரொஸ். முதலாவது ஒரு காலாட்படைப் பிரிவு, இரண்டாவது பீரங்கிப் படை, மூன்றாவது கவசப் படை. சீகிரியா ராலி குரொஸ் விமானப் படையினுடையது. தியத்தலாவ பொக்ஸ்ஹில் போட்டி இராணுவக் கல்விக்கூடத்தின் மண்ணில் நடப்பது. தெற்கில் ஒரு குடும்பம் இந்தப் பெயர்களைக் கேட்டால் கொண்டாட்டமான ஒரு ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வரும். வன்னியில் இதே பெயர்கள் எந்த நினைவைக் கொண்டுவரும் என்பதை இதை வாசிக்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2009இல் எனக்கு 19 வயது. பீரங்கிச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கேட்டு ஓடிய எவருக்கும் 'கன்னர்' ஒரு விளையாட்டுப் பெயராக முடியாது.

இதற்காக அந்த லொறிகளில் போன இளைஞர்களை நான் குறைசொல்ல மாட்டேன். கராஜில் வேலை செய்து, பழைய இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டி, சேர்த்த காசைப் போட்டு ஓடுகிறவர்கள் அவர்களில் நிறையப் பேர். என் கேள்வி நிறுவனத்தைப் பற்றியது. போர் முடிந்த பின்னும் நாட்டின் நிலம், வாகனம், ஆளணி ஆகியவை படையின் கையில் இருப்பதால் விளையாட்டும் அதன் கைக்குப் போகிறது. அப்படிப் போகும்போது விபத்துக்குப் பொறுப்பை யார் கேட்பது?

2024 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை, தியத்தலாவ. ஐந்து வருட இடைவெளிக்குப் பிறகு நடந்த பொக்ஸ்ஹில் போட்டி. தடத்தில் ஒரு கார் கவிழ்ந்தது. ஆபத்தை உணர்த்த மஞ்சள் கொடி அசைத்தார்கள். அதற்குள் பின்னால் வந்த இன்னொரு கார் தடத்தை விட்டு விலகி, ஆட்கள் நின்ற பக்கம் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள். 20க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் எட்டு வயதுச் சிறுமி ஒருவரும் இருந்தார். போட்டி உதவியாளர்கள் நால்வர் இருந்தார்கள். சாரதிகள் இருவர் கைதானார்கள். இராணுவம் விசாரணைக் குழு ஒன்றை நியமித்தது. தன் நிலத்தில், தன் பங்களிப்போடு நடந்த நிகழ்வைத் தானே விசாரிக்கும் பழக்கம் இந்த நாட்டில் எங்கே முடியும் என்பது வடக்குக் கிழக்கு மக்களுக்குப் பழகிய அனுபவம். தியத்தலாவயில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் எங்களுக்கும் இந்த ஒரு இடத்தில் வித்தியாசம் இல்லை.

வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்பதும் உண்மையல்ல. உலகின் மிகப் பெயர்பெற்ற நெடுந்தூர ராலியான டக்கார், ஐரோப்பாவிலிருந்து ஆபிரிக்க வறுமைக் கிராமங்களின் நடுவே பல வருடங்கள் ஓடியது. 1988இல் மாலி நாட்டில் வீதியைக் கடந்த பத்து வயதுச் சிறுமி போட்டி வாகனம் மோதி இறந்தார். 2006இல் கினியில் ஒரு சிறுவனும் செனகலில் ஒரு சிறுவனும் இறந்தார்கள். ஆனால் 2008இல் மொரித்தானியாவில் பாதுகாப்பு அச்சுறுத்தல் எழுந்ததும் போட்டியையே நிறுத்தினார்கள். அடுத்த வருடம் தென் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். கிராமத்துப் பிள்ளைகளின் மரணத்துக்கு நிற்காத போட்டி, போட்டியாளருக்கு ஆபத்து என்றதும் நின்றது. விதி யாருக்காக எழுதப்படுகிறது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது.

இந்த வீதியின் பழைய பயணிகள்

நாலந்தாவில் நின்று இதையெல்லாம் யோசிப்பதற்குக் காரணம் உண்டு. நெடுந்தூரக் கரடு வீதிப் பயணத்தின் வரலாறு இந்த ஊரின் வழியாகத்தான் போகிறது. ஆனால் அதில் கோப்பை வென்றவர் யாரும் இல்லை.

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்களில் பெருந்தொகையினர் மன்னார்க் கரையில் இறங்கி நடந்தார்கள். மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா, மாத்தளை. காட்டையும் காய்ச்சலையும் கடந்து, தண்ணீரில்லாமல், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்த நடை. வாந்திபேதியிலும் பசியிலும் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். 1841 முதல் 1849 வரை மட்டும் 70,000 பேர் இறந்ததாக அன்றைய கொழும்பு ஒப்சேர்வர் பத்திரிகை கணக்கிட்டது. அந்த எண்ணிக்கையை வரலாற்றாளர்கள் சிலர் மறுக்கிறார்கள். ஆனால் வழியெல்லாம் மரணம் இருந்தது என்பதை யாரும் மறுப்பதில்லை. உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் மாத்தளையில் முத்துமாரியம்மனைக் கும்பிட்டுத்தான் மலை ஏறினார்கள்.

2023 ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை, மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைவையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை 16 நாட்கள் 'மாண்புமிகு மலையக மக்கள்' நடைபவனி அதே தடத்தில் நடந்தது. காணி, வீடு, நியாயமான சம்பளம், சம உரிமை ஆகியவை அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் முக்கியமானவை.

எங்கள் தாத்தாவின் குடும்பம் இந்த வீதியை எதிர்த்திசையிலும் கடந்தது. 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வன்னிக்குப் போயின. ஒரு லொறியில், இரவில், தார்ப்பாய்க்குக் கீழே படுத்தபடி நாலந்தாவைக் கடந்ததை அம்மா சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்குப் பத்து வயது. கலியாணமாகியிருந்த பெரியம்மா தோட்டத்திலேயே தங்கிவிட்டார். பாதுகாப்பு என்று நம்பிப் போன வன்னியில் எங்களுக்குக் கிடைத்தது என்ன என்பது தெரிந்ததே. பதுங்குகுழி, முள்ளிவாய்க்கால், மெனிக் பாம்.

போட்டிக்காக வீதியை மூடுகிறார்கள் என்று படிக்கும்போது எனக்கு 2006 ஓகஸ்ட் நினைவுக்கு வரும். 2002 ஏப்ரலில் ஏ9 திறந்தபோதுதான் பெரியம்மாவை நான் முதன்முதலாகப் பார்த்தேன். ஓமந்தையில் இறங்கி, பையை அவிழ்த்துக் காட்டி, மீண்டும் கட்டி, பஸ் மாறிப் போன பயணம். நான்கு வருடத்தில் வீதி மறுபடி மூடப்பட்டது. அது சில மணித்தியாலங்களில் திறக்கும் மூடல் அல்ல. யாழ்ப்பாணத்தில் சீனியும் பால்மாவும் மருந்தும் என்ன விலைக்கு விற்றன என்பதை அங்கிருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். இன்று அதே வீதி நன்றாகக் காப்பெட் போடப்பட்டிருக்கிறது. வேகமாகப் போகலாம். அபிவிருத்திக்கு ஆதாரமாக எல்லோரும் காட்டுவது அந்த வேகத்தைத்தான்.

நாலந்தாவில் ஏ9இலிருந்து கிழக்கே சற்று உள்ளே போனால் கெடிகே என்ற கற்கோயில் இருக்கிறது. பல்லவர் பாணிக் கட்டடக் கலையும் பௌத்தமும் ஒன்றாகக் கலந்த அபூர்வமான இடம். நீர்த்தேக்கம் கட்டியபோது மூழ்கிவிடும் என்று கல் கல்லாகப் பிரித்து, மேட்டில் மறுபடி பொருத்தினார்கள். மிகப் பொறுமையான, நல்ல வேலை. ஒன்றை அழியாமல் இடம்மாற்ற இந்த அரசுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

கிளை வீதி யாருடையது?

ஏ9 நன்றாக இருக்கிறது. அதிலிருந்து பிரிந்து மலைக்கு ஏறும் வீதிகள்? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் பிரதேச சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. வாக்குரிமை இருந்தது, வாக்களித்துத் தெரிவான சபை தன் வீதிக்குக் கல் போட முடியாது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2018இல்தான் பாராளுமன்றம் அதைத் திருத்தியது. சட்டம் மாறியது, ஆனால் நிதி அதே வேகத்தில் வரவில்லை. கம்பனி பிரதேச சபையைக் காட்டும், சபை மாகாணத்தைக் காட்டும். நடுவில் வீதி மழையில் கரையும்.

1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவை 2016இல் இந்திய நன்கொடையோடு மேல், தென் மாகாணங்களில் ஆரம்பித்து, பின்னர் வடக்கு உட்பட நாடு முழுவதற்கும் வந்தது. இலங்கையில் போருக்குப் பின் நடந்த நல்ல காரியங்களில் ஒன்று. ஆனால் வண்டி வந்தால் போதாது. வண்டி ஏற வீதி வேண்டும். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் விழுந்து 15 பேர். நவம்பர் இறுதியில் டித்வா புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மலையக வீதிகள் பல துண்டு துண்டாகின. பெரியம்மாவின் தோட்டத்து வீதியில் இரண்டு மதகுகள் போயின. இன்று அந்த இடத்தில் பலகை போட்டிருக்கிறார்கள். அதன் மேல்தான் தம்பி பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறான். எந்த இடத்தில் இடப்பக்கம் ஒதுங்க வேண்டும், எந்தக் கல்லில் சக்கரம் வைக்கக் கூடாது என்று அவனுக்கு மனப்பாடம். ராலியில் பக்கத்தில் இருப்பவர் வாசிக்கும் குறிப்பு அவன் தலைக்குள் இருக்கிறது.

எனவே, மோட்டார் ஓட்டப்போட்டியைத் தடை செய்யுங்கள் என்பது என் கோரிக்கை அல்ல. தடை செய்தால் பெரியம்மாவின் வீதிக்குத் தார் வந்துவிடாது. போட்டி நடக்கட்டும். ஆனால் அதை நடத்துவதும் பாதுகாப்பை மேற்பார்வை செய்வதும் விபத்தை விசாரிப்பதும் ஒரே கையில் இருக்கக் கூடாது. தியத்தலாவ விசாரணையில் கண்டறிந்தவை முழுமையாக, மூன்று மொழியிலும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும்.

இரண்டாவது கோரிக்கை பெரியது. ராலியின் முதல் விதியை அன்றாட வீதிக்கும் எழுதுங்கள். ஆட்கள் குடியிருக்கும் ஒவ்வொரு தோட்டத்துக்கும் கிராமத்துக்கும் அம்பியூலன்ஸ் ஏற முடிகிறதா என்று பிரதேச சபை வாரியாகப் பட்டியல் எடுக்கட்டும். ஏற முடியாத வீதிகளை முதலில் திருத்தட்டும். புயலுக்குப் பிந்திய புனரமைப்பு நிதியைப் பங்கிடும்போது எத்தனை சுற்றுலா வாகனம் போகிறது என்று பார்க்காமல், எத்தனை நோயாளர் நாற்காலியில் இறக்கப்படுகிறார் என்று பார்க்கட்டும். இது மாத்தளைக்கு மட்டுமல்ல. முல்லைத்தீவின் மீள்குடியேற்றக் கிராமங்களிலும் மாரியில் இதே நிலைதான்.

திதி முடிந்து மறுநாள் காலை தம்பியே என்னை ஓட்டோவில் இறக்கிவிட்டான். பலகைப் பாலம் வந்ததும் நிறுத்தினான். நான் இறங்கி நடந்து கடந்தேன். அவன் வெறும் வண்டியை மெதுவாக ஓட்டிவந்தான். தார் தொடங்கும் இடத்தில், அன்றிரவு அம்பியூலன்ஸ் நின்ற மரத்தடியைக் காட்டினான். அங்கேதான் வண்டிக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் இருவர் சீருடையோடு நின்றார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு அவன் நகரத்துப் பக்கம் திரும்பினான். நான் வடக்கே போகும் பஸ்ஸுக்காக நின்றேன்.